மணலே சத்திரம்: திருச்செந்தூரில் ஓர் இரவு

திருநெல்வேலிப் பக்கத்தில் "லீவுக்கு எங்க போகலாம்?" என்ற பேச்சு எழுந்தால், ஆனி ஆடி என்றால் குற்றாலம், மற்ற மாதம் என்றால் திருச்செந்தூர் என்று சீக்கிரமே முடிவாகிவிடும். குற்றாலத்துக்குக் கிளம்புகிறவர்கள் ரூம் கிடைக்குமா என்று போனில் விசாரிப்பார்கள். திருச்செந்தூருக்குக் கிளம்புகிறவர்கள் பாயைச் சுருட்டுவார்கள். பாய், இரண்டு போர்வை, புளியோதரைத் தூக்கு, தண்ணீர்க் கேன், மாற்றுத் துணிப் பை. இவ்வளவும் வேனில் ஏறிவிட்டால் சனிக்கிழமை இரவுக்கான வீடு தயார்.

ஊரில் விடுதிகளுக்கும் மண்டபங்களுக்கும் குறைவில்லை. பக்தர்கள் தங்கும் விடுதியைக் கோயிலும் புதிதாகக் கட்டியிருக்கிறது. ஆனாலும் அங்கே தங்குகிற குடும்பங்களில் பெரும்பகுதி இறங்குவது கோயில் மதிலுக்கும் கடலுக்கும் இடையில் கிடக்கிற மணலில்தான். ரூம் கிடைக்காததால் மணலுக்கு வந்தவர்கள் என்று இவர்களை நினைத்துவிடக் கூடாது. மணலில் படுப்பதற்காகவே வருகிறவர்கள் இவர்கள். மாதம் தவறாமல் வருகிற குடும்பங்கள் உண்டு. போன தடவை படுத்த அதே இடத்தைத் தேடிப் பிடித்துப் பாய் விரிப்பவர்களும் உண்டு.

புராணக் கணக்கில் பார்த்தாலும் திருச்செந்தூர் பாளையம் இறங்கிய ஊர்தான். சூரபத்மனோடு போர் தொடுக்கும் முன் முருகன் தன் படையோடு தங்கியது இந்தக் கரையில் என்பது கதை. தாகத்தில் தவித்த படைக்காக அவன் வேலால் குத்தி எடுத்த ஊற்று என்றுதான் நாழிக் கிணற்றைச் சொல்கிறார்கள். பெரிய சதுரக் கிணற்றுக்குள் படியிறங்கிப் போனால், அதற்குள் ஓரடி அகலத்தில் இன்னொரு சின்னக் கிணறு. அலைச் சத்தம் காதில் விழுகிற தூரத்தில் இருந்தும் தண்ணீர் கரிப்பதில்லை. கடலோர மணலில் இறங்கும் மழைநீர், கனமான உப்புநீரின் மேல் தனிப் படலமாக நிற்கும். ஆழம் போகாமல் மேலாக எடுத்தால் நல்ல தண்ணீர் கிடைக்கும். பக்தியோடு பார்ப்பவருக்கும் நிலத்தடி நீரைப் படித்தவருக்கும் அந்தச் சின்னக் கிணறு வியப்பான விஷயம்தான்.

அறுபடை வீடுகளில் இரண்டாவதாக எண்ணப்படுவது இந்தத் தலம். ஆறில் கடற்கரையில் இருப்பது இது ஒன்றே. மூலவர் கடலைப் பார்த்துக் கிழக்கு நோக்கி நிற்க, ஒன்பது நிலை ராஜகோபுரம் மட்டும் மேற்கே எழும்பியிருக்கிறது. வழக்கமாகக் கோபுரம் எழும்ப வேண்டிய கிழக்குப் பக்கம் கடலிடம் இருக்கிறது. இந்தக் கோபுரத்தைக் கட்டியவர் திருவாவடுதுறை ஆதீனத்தைச் சேர்ந்த தேசிகமூர்த்தித் தம்பிரான் என்பது வரலாறு. கூலி கொடுக்கப் பணமில்லாமல் அவர் பன்னீர் இலையில் விபூதி மடித்துக் கொடுக்க, தூண்டுகை விநாயகர் கோயிலைத் தாண்டியதும் அது கூலிப் பணமாக மாறியது என்பது ஊர் சொல்லும் கதை. அந்த இலை விபூதி இன்றைக்கும் பிரசாதம். ஊருக்குத் திரும்பியதும் பக்கத்து வீட்டு ஆச்சி முதலில் கேட்பதும் அதைத்தான்.

கடலோடு சேர்ந்து வாழ்வதற்கு இந்தக் கோயில் விலை கொடுத்திருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் கோயிலைப் பிடித்து உற்சவரை எடுத்துப் போனதும், கடலில் விட்டுப்போன திருமேனியை வடமலையப்ப பிள்ளை மீட்டதும் இங்கே எல்லாரும் சொல்லும் வரலாறு. டச்சுக்காரர்கள் ஒரு முறை வந்து போனார்கள்; உப்புக் காற்று தினமும் வந்தது. பழைய மணற்கல் கட்டடத்தை அது கொஞ்சம் கொஞ்சமாக அரித்துத் தின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மௌன சுவாமி என்ற துறவி திருப்பணியைத் தொடங்கினார். அவருக்குப் பின் காசி சுவாமி, அவருக்குப் பின் ஆறுமுக சுவாமி என்று வேலை கைமாறி, 1941 குடமுழுக்கில் வந்து நின்றது. கையில் காசில்லாத மூன்று துறவிகள் ஊர் ஊராகத் திரட்டிக் கட்டிய கற்கோயில் இது. அவர்களுடைய சமாதி கோயிலுக்குப் பக்கத்திலேயே கடற்கரையில் இருக்கிறது. கடலில் குளிக்கப் போகிறவர்களில் அதை எட்டிப் பார்ப்பவர்கள் கொஞ்சப் பேர்தான். அடுத்த பெரிய திருப்பணி நம் காலத்தில் நடந்தது. திருச்செந்தூருக்குப் பக்கத்து மூலைப்பொழி கிராமத்தில் பிறந்த ஷிவ் நாடாரின் எச்.சி.எல். தரப்பு ரூ.200 கோடி, அறநிலையத்துறை ரூ.100 கோடி என்ற திட்டத்தில் 2022இல் வேலை தொடங்கியது. குடமுழுக்கு 2025 ஜூலை 7ஆம் தேதி நடந்தது.

இங்கே வந்து தங்கும் வழக்கம் வண்டிக் காலத்திலேயே உண்டு. தாமிரபரணிப் பாசனத்து ஊர்களிலிருந்து அறுப்பு முடிந்ததும் வில்வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். சமூகத்துக்கு ஒரு மடம், ஊருக்கு ஒரு சத்திரம் என்று தெருக்களில் இடம் இருந்தது. 1923இல் திருநெல்வேலியிலிருந்து ரயில் வந்தது. அந்தப் பாதையில் இன்றைக்கும் ஒரு முறையாவது பகலில் போக வேண்டும். செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத், குரும்பூர் என்று ஆற்றை ஒட்டி வயலும் வாழையும் ஓடிவரும். ஆறுமுகநேரியில் பச்சை முடிந்து உப்பளம் வெளுக்கும். காயல்பட்டினம் தாண்டினால் திருச்செந்தூர். 61 கிலோமீட்டருக்குள் நன்செய், பனங்காடு, உப்பளம், கடல் என்று நாலு நிலமும் ஜன்னலில் வந்துபோய்விடும். தாமிரபரணி இந்த ஊரைத் தொடுவதில்லை. வடக்கே புன்னைக்காயலில் போய்க் கடலில் சேர்கிறது. ஊரில் இருக்கும் ஆவுடையார்குளத்துக்கு மட்டும் கால்வாய் வழியாக ஆற்றுத் தண்ணீர் வந்து சேர்கிறது. 1986இல் தூத்துக்குடி தனி மாவட்டமானபோது ஊரும் அந்தப் பக்கம் போனது. ஆனால் நெல்லைக்காரர்களுக்கு இது இன்னும் "நம்ம செந்தூர்"தான்.

மணல் தங்கலுக்கு ஒரு பஞ்சாங்கம் உண்டு. அதில் முதலிடம் ஐப்பசியில் வரும் கந்த சஷ்டிக்கு. காப்புக் கட்டி விரதம் இருப்பவர்கள் ஆறு நாளும் கோயில் வளாகத்தை விட்டு நகர்வதில்லை. அவர்களுக்காகக் கோயில் நிர்வாகம் தற்காலிகக் கொட்டகைகள் போட்டுக் கொடுக்கிறது. காலையில் கடல், பிறகு நாழிக் கிணறு, கிரிப் பிரகாரத்தில் அங்கப்பிரதட்சணம், மதியம் பாலோ பழமோ ஒரு வேளைச் சாப்பாடோ, மாலையில் கூட்டாகப் பாட்டு என்று ஒரு குடியிருப்பே உருவாகிவிடும். யார் எந்த ஊர் என்று முதல் நாள் தெரியாது. மூன்றாம் நாளைக்குள் ஒருவர் துணியை இன்னொருவர் காயப்போட்டுக்கொண்டிருப்பார்கள். ஆறாம் நாள் மாலை அதே மணலில் சூரசம்ஹாரம். சூரன் யானை முகம், சிங்க முகம், சொந்த முகம் என்று மாறி மாறி வந்து தோற்பதைப் பார்க்கக் கடற்கரையில் லட்சக்கணக்கில் தலை தெரியும். மறுநாள் திருக்கல்யாணம் பார்த்த பிறகுதான் கொட்டகை காலியாகும்.

தைப்பூசத்துக்கு வருகிறவர்கள் வேறு ரகம். பச்சை வேட்டி, பச்சைச் சேலையில் விருதுநகர்ப் பக்கத்திலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் நாள்கணக்கில் நடந்து வருவார்கள். வழிநெடுகச் சாலையோரப் பந்தலில் தங்கி, கடைசி இரவை இந்த மணலில் கழிப்பார்கள். வைகாசி விசாகத்துக்கும் கரை நிறையும். புரட்டாசியில் பக்கத்துக் குலசேகரன்பட்டினத்தில் தசரா. காளி, குறவன், அரசன், போலீஸ் என்று வேடம் கட்டுகிறவர்கள் தங்கள் ஊரிலேயே தசராக் குடில் போட்டு விரதம் இருந்து, குழுவாகக் கிளம்பி வருவார்கள். தற்காலிகமாக ஒரு கூரை போட்டு, கொஞ்ச நாள் அதற்குள் சேர்ந்து வாழ்வது இந்த வட்டாரத்துக்குக் கைவந்த பழக்கம். அந்தப் பக்கம் மலையில், காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் ஆடி அமாவாசைக்கு ஆற்றங்கரையில் குடும்பம் குடும்பமாகக் குடில் போடுவார்கள். அது புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் நாள், வண்டி, பிளாஸ்டிக் எல்லாவற்றுக்கும் வனத்துறை வரம்பு கட்டுகிறது. கடற்கரையில் அப்படிப்பட்ட வரம்பு வெகுகாலம் தேவைப்படவில்லை.

இப்போது தேவைப்படுகிறது. காரணம் பௌர்ணமி. திருச்செந்தூர் குருவுக்குப் பரிகாரத் தலம் என்ற நம்பிக்கை பழையது. பௌர்ணமி இரவைக் கரையில் கழித்து, விடியலில் குளித்துச் சாமி கும்பிட்டால் நினைத்தது நடக்கும் என்ற பேச்சு சமீப வருடங்களில் செல்போன் வீடியோக்கள் வழியாகத் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. முன்பு நெல்லை, தூத்துக்குடி, குமரிக் குடும்பங்களின் மாதாந்திரப் பழக்கமாக இருந்தது, இன்று சென்னையிலிருந்தும் கொங்குப் பக்கத்திலிருந்தும் ஆட்களை இழுக்கிறது. பௌர்ணமி சனி, ஞாயிறில் விழுந்துவிட்டால் பாய் விரிக்க இடம் தேடி அலைய வேண்டியதுதான்.

அந்தக் கூட்டத்துக்குள்ளும் ஓர் ஒழுங்கு தானாக அமைவதைக் கவனிக்கலாம். முதலில் வருகிறவர்கள் மதில் பக்கம் மேடான மணலைப் பிடிப்பார்கள். செருப்பை நாலு மூலைக்கும் பாரமாக வைத்தால் எல்லை முடிந்தது. பெரியவர்கள் நடுவில், பிள்ளைகள் அவர்களை ஒட்டி, பைகள் தலைமாட்டில், ஒருவர் விழித்திருக்க வேண்டும் என்பது எழுதாத விதி. "தள்ளிப் படுங்க அண்ணாச்சி, புள்ளையக் கிடத்தணும்" என்று ஓர் அம்மா சொன்னால் எந்த ஊர் அண்ணாச்சியும் தள்ளிப் படுப்பார். தூக்குகள் திறந்ததும் புளியோதரை ஒரு பக்கம், தயிர்ச் சோறும் மோர் மிளகாயும் ஒரு பக்கம். ஊறுகாய் கேட்டுப் பக்கத்துப் பாய்க்குக் கை நீள்வது சாதாரணம். சுக்குக் காபிக்காரர் நள்ளிரவு வரை சுற்றுவார். தை, மாசியில் அவித்த பனங்கிழங்கு கட்டுக் கட்டாக வரும்.

எந்த மாதம் போவது என்பதற்குக் காற்றைக் கேட்க வேண்டும். தை தொடங்கிப் பங்குனி வரை இரவு இதமாக இருக்கும். அதுதான் மணலுக்கு உகந்த பருவம். சித்திரை, வைகாசியில் பகல் காய்ந்தாலும் இரவுக் கடற்காற்று ஈடுகட்டும். ஆனி பிற்பகுதியிலிருந்து ஆடி முடியக் கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும். சோற்றில் பாதி மணல். ஐப்பசி, கார்த்திகை வடகிழக்குப் பருவமழைக் காலம். இந்தக் கரையில் மழை குறைவு என்று அசட்டையாக இருக்க முடியாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்ட முடியாமல் நின்றது. சுமார் 800 பயணிகள் வெள்ளத்துக்கு நடுவே சிக்கி, பிறகு மீட்கப்பட்டார்கள்.

கடலும் எல்லா நாளும் ஒரே மாதிரி இருப்பதில்லை. "திருச்செந்தூரில் கடல் உள்வாங்கியது" என்ற செய்தி அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அடிக்கடி வரும். சூரியனும் சந்திரனும் ஒரே நேர்கோட்டில் நின்று இழுக்கும் நாட்களில் ஏற்றம் வழக்கத்தை விட ஏறும், வற்றம் வழக்கத்தை விட இறங்கும். இந்தக் கரையில் அலைக்கு அடியில் பாறை கிடப்பதால், தண்ணீர் இறங்கியதும் பாசி படிந்த பாறைகள் வெளியே தெரிகின்றன. பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் அவற்றின் மேல் ஏறிப் படம் எடுப்பது புத்திசாலித்தனம் இல்லை. பாசியில் வழுக்கியும், அலை தூக்கிப் போட்டும் குளிக்கிறவர்களுக்குக் கால் எலும்பு முறிந்த சம்பவங்கள் இங்கே அடிக்கடி நடக்கின்றன. பாதுகாப்புப் பணியாளர்கள் விசில் ஊதினால் கேட்டுவிட வேண்டும். பிள்ளைகளை முழங்கால் தண்ணீருக்கு மேல் விடக் கூடாது. வயதானவர்கள் கரையில் உட்கார்ந்து சொம்பில் மொண்டு ஊற்றிக்கொள்வது பழைய வழக்கம். அதில் குறைவு ஒன்றும் இல்லை.

இதைவிடப் பெரிய சேதி, மணலே குறைந்துவருவது. சமீப வருடங்களில் கோயிலுக்கு முன்னால் கடலரிப்பு அதிகமாகியிருக்கிறது. 2025 தொடக்கத்தில் கரை படிக்கட்டை ஒட்டிச் செங்குத்தாக வெட்டுப்பட்டு நின்றது. அரிப்பில் பழைய தீர்த்தங்களின் பெயர் பொறித்த கல்வெட்டுகள் வெளியே வந்தன. ஒரு காலத்தில் 24 தீர்த்தங்கள் இருந்த தலம் என்பதற்கு அவை சாட்சி. பாய் விரிப்பவர்கள் கூடிக்கொண்டே போக, பாய் விரிக்கும் இடம் சுருங்கிக்கொண்டே வருகிறது. கழிப்பிடமும் குடிநீரும் திருவிழாக் கணக்கில் கட்டப்பட்டாலும், மாதந்தோறும் ஒரு திருவிழா வரும் என்று யாரும் கணக்குப் போட்டிருக்கவில்லை. பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் துப்புரவுப் பணியாளர்கள் அள்ளுவதைப் பார்க்க வேண்டும்: பிளாஸ்டிக் பாய், எச்சில் தட்டு, தண்ணீர்ப் பாட்டில், குளித்துவிட்டுக் கழற்றிப் போட்ட துணி. ஈரத்துணியைக் கடலில் விட்டால் தோஷம் போகும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அந்தத் துணி அடுத்த அலையில் வேறொருவர் காலைச் சுற்றுகிறது.

காலைத் தரிசனத்தோடு கிளம்பிவிடுகிறவர்கள் பாதி ஊரைத்தான் பார்த்தவர்கள். ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொண்டு சுற்றினால் வட்டாரம் நிறையக் கொடுக்கும். மேற்கே சில மைல் போனால் குதிரைமொழித் தேரி. கடலோரத்து வெள்ளை மணலைப் பார்த்த கண்ணுக்கு, பனையும் முந்திரியும் நிற்கிற அந்தச் செம்மணல் மேடுகள் வேறு நாட்டில் இறங்கியது போல இருக்கும். மேற்கிலிருந்து வீசும் காற்று ஆயிரக்கணக்கான வருடங்களாகக் கொண்டுவந்து குவித்த மண் அது. மேலப்புதுக்குடிக்குப் பக்கத்தில், தேரிக்கு நடுவே, அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலும் சுனையும் இருக்கின்றன. அதைச் சுற்றி மரக்கூட்டம். மத்தியானக் கட்டுச்சோற்றுக்கு அதைவிட நல்ல நிழல் இந்தப் பக்கத்தில் கிடையாது.

தெற்கே போனால் உடன்குடி. புவிசார் குறியீடு வாங்கிய கருப்பட்டியின் ஊர். சில்லுக் கருப்பட்டியை வாயில் அடக்கிக்கொண்டே குலசேகரன்பட்டினத்துக்கு வரலாம். முத்தாரம்மன் கோயில் இருக்கும் இதே ஊரில்தான் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டினார்கள். அதற்கும் அப்பால் மணப்பாடு. மணல் குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயம், கீழே கடல் வளைந்து நுழையும் கழிமுகம், புனித சவேரியார் வந்து தங்கிய குகை. வடக்கே திரும்பினால் காயல்பட்டினம். பழைய துறைமுக நகரம். வட்டிலப்பத்துக்கும் மாலை நேரக் கடற்கரைக்கும் பெயர் பெற்றது. முருகன், முத்தாரம்மன், சவேரியார், காயலின் பள்ளிவாசல்கள் எல்லாம் முப்பது கிலோமீட்டர்க் கரைக்குள் அடங்கிவிடுகின்றன. ஒரு வார இறுதிக்கு இதைவிட நெருக்கமான வட்டாரம் தென்னாட்டில் குறைவு.

திருச்செந்தூர் மணலில் ஓர் இரவு தங்குவது தமிழ்நாட்டில் இன்னும் கிடைக்கிற மிக மலிவான, மிக நல்ல விடுமுறை என்பதுதான் என் தீர்ப்பு. காசுள்ளவரும் இல்லாதவரும் ஒரே உயரத்தில் படுக்கிற இடம் வேறு எங்கே இருக்கிறது? அது நிலைக்க வேண்டுமானால் வருகிறவர்கள் கொஞ்சம் விலகி வர வேண்டும். பௌர்ணமியையும் விழா நாட்களையும் விரதக்காரர்களுக்கு விட்டுக்கொடுங்கள். தை முதல் பங்குனிக்குள் ஒரு சாதாரண சனிக்கிழமையைத் தேர்ந்தெடுங்கள். முருகன் அன்றைக்கும் அங்கேதான் இருப்பான். கரையில் இரவு தங்குவதற்கு அவ்வப்போது கட்டுப்பாடு வரும் என்பதால், கிளம்பும் முன் கோயில் அலுவலகத்திலோ உள்ளூர் ஆட்களிடமோ விசாரித்துக்கொள்ளுங்கள். நகை வேண்டாம், கோரைப் பாய் போதும். நாழிக் கிணற்றுப் பக்கம் சோப்பு, ஷாம்பு எடுக்காதீர்கள். கட்டிய துணியைக் கடலில் விடாதீர்கள். காலையில் பாயைச் சுருட்டும்போது உங்கள் குப்பையோடு பக்கத்துப் பாய்க்காரர் விட்டுப்போன குப்பையையும் ஒரு பையில் போட்டு வேனில் ஏற்றிக்கொள்ளுங்கள்.